பாதிப் பத்திரமும் ஒரு வழித்துணையும்

(பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவ மாணவியருக்காக வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



நம் வீடுகள் பலவற்றில் இப்போது இரவு பதினொரு மணிக்கும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது. தொலைக்காட்சியின் சத்தம் குறைந்திருக்கிறது. தவக்காலத்துக்காகக் குறைத்தோமா, பொதுத்தேர்வுக்காகக் குறைத்தோமா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். பங்குகளில் பணியாற்றும் எங்களிடம் பெற்றோர்கள் வந்து, "பிள்ளைக்காக ஒரு பூசை வையுங்கள் சாமி" என்கிறார்கள். ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் மந்திரித்து வாங்கிப் போகிறார்கள். நாங்களும் மகிழ்ச்சியோடு செய்கிறோம்.

தேர்வை எப்படி எழுத வேண்டும் என்று சொல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நாங்கள் இன்று பேச நினைப்பது கடைசித் தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து கல்லூரி வாசலை மிதிக்கும் நாள் வரை உள்ள அந்த மூன்று மாதங்களைப் பற்றி. பிள்ளைகள் வழி தவறுவது பெரும்பாலும் தேர்வு அறையில் அல்ல, இந்த மூன்று மாதங்களில்தான் என்பது எங்கள் அனுபவம்.

திருவிவிலியத்தில் தோபித்து நூல் என்று ஒரு சிறிய நூல் இருக்கிறது. ஞாயிறு வாசகங்களில் அதிகம் வராததால் நம்மில் பலர் அதைப் படித்திருக்க மாட்டோம். ஒரு தகப்பன் தன் மகனை முதன்முறையாக வெளியூருக்கு அனுப்பிவைக்கும் கதை அது. தோபித்து நல்ல மனிதர். ஒரு காலத்தில் வசதியாக இருந்தவர். இப்போது கண்பார்வை போய்விட்டது, வருமானமும் போய்விட்டது, மனைவி அன்னா கூலிக்கு நெசவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் மேதியா நாட்டில் ஒருவரிடம் பத்துத் தாலந்து வெள்ளியைக் கொடுத்து வைத்தது அப்போதுதான் தோபித்துக்கு நினைவு வருகிறது. அதை வாங்கி வர மகன் தோபியாவை அனுப்புகிறார்.

மகன் கேட்கும் முதல் கேள்வி மிகவும் நியாயமானது. அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவரைத் தெரியாது, எதைக் காட்டிப் பணத்தைக் கேட்பது? அப்பா சொல்கிறார்: இருவரும் கையெழுத்திட்ட பத்திரம் இருக்கிறது, அதை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டோம். இருபது ஆண்டு அந்தப் பாதிப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்தார் பாருங்கள்! நம் வீடுகளில் சென்ற ஆண்டு வாங்கிய வருமானச் சான்றிதழைத் தேடினாலே இரண்டு பீரோவைக் கவிழ்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே பிள்ளைகளே, முதலில் உங்கள் பத்திரம். பள்ளிப் பதிவிலும் ஆதாரிலும் உங்கள் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பள்ளியை விட்டுப் போகுமுன் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. திருமுழுக்கில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் இரண்டையும் சேர்த்து ஒரு பெயர். அந்தோணி என்று ஓரிடத்தில், ஆண்டனி என்று இன்னோரிடத்தில். இப்போது திருத்துவது எளிது, வேலைக்குப் போகும்போது மலையாகிவிடும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், இவற்றுக்கெல்லாம் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். முடிவு வந்த பிறகு ஊரே அங்கு வரிசையில் நிற்கும். கத்தோலிக்கக் கல்லூரிகளில் திருமுழுக்குச் சான்றிதழும் பங்குத்தந்தையின் கடிதமும் கேட்பார்கள். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு, நாங்கள் திருப்பலிக்கு உடுத்தி நிற்கும்போது வந்து கேட்காதீர்கள். கேட்டாலும் தருவோம், ஆனால் கோபத்தோடு தருவோம்.

தலித் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையினால் நம் பிள்ளைகளுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் மறுக்கப்படுகிறது, பிற்படுத்தப்பட்டோர் என்றே தருகிறார்கள். அந்த அநீதியைப் பற்றிப் பேச இன்னொரு நாள் வேண்டும். ஆனால் தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை தரும் கல்வி உதவித்தொகைகளில் கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிடர்களுக்கும் இடம் உண்டு. நமக்குக் கிடையாது என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். அதேபோல், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. நம் சபைகள் நடத்தும் பள்ளிகள் பல இந்த வகையில் வருபவை. கல்லூரியில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

மேலும், உங்கள் மூலச் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டலாம், சரிபார்க்கக் கொடுக்கலாம், நகல் கொடுக்கலாம். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. தோபித்து பாதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டதும் அதற்காகத்தான்.

இனி வழித்துணை. வழி தெரிந்த ஓர் ஆளைத் தேடி வா என்று தோபித்து மகனிடம் சொல்கிறார். மகன் ஓர் இளைஞரை அழைத்து வருகிறான். வந்திருப்பது இரபேல் வானதூதர், அது வீட்டில் யாருக்கும் தெரியாது. பார்வையற்ற அந்தத் தகப்பன் வந்தவரிடம் எத்தனை கேள்வி கேட்கிறார்! எந்தக் குலம், எந்தக் குடும்பம், யாருடைய மகன்? பிறகு நாளுக்கு ஒரு திராக்மா கூலி, வழிச்செலவு தனி என்று வெளிப்படையாகப் பேசி முடிக்கிறார். வானதூதரையே இத்தனை கேள்வி கேட்டிருக்கிறார்கள். நாமோ, நர்சிங் சீட்டு வாங்கித் தருகிறேன் என்று வாசலில் வந்து நிற்கும் புரோக்கரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் முன்பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். அவருக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்றாவது கேளுங்கள். உங்களிடம் வாங்காவிட்டால் கல்லூரியிடம் வாங்குகிறார் என்று பொருள். அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று, அங்கே படித்த நம் பங்குப் பிள்ளைகளையோ அருகிலுள்ள கன்னியர் மடத்துச் சகோதரிகளையோ கேட்டுப் பாருங்கள்.

அப்போது தாய் அன்னா அழத் தொடங்குகிறார். பணம் போனால் போகட்டும், அது நம் பிள்ளைக்கு ஈடாகுமா, இருப்பதை வைத்துப் பிழைத்துக்கொள்ளக் கூடாதா என்று கணவரிடம் கேட்கிறார். இந்தத் தாயின் அழுகைக்காகத்தான் நாங்கள் இந்த நூலைத் தேர்ந்தோம். இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது எங்கள் குற்றம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பணியாற்றிய ஒரு பங்கில், தேர்வு முடிவு வந்த அடுத்த ஞாயிறு, 500 மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்த பிள்ளைகளைப் பீடத்தின் முன் அழைத்தோம். சால்வை போட்டோம், பரிசு கொடுத்தோம், மக்கள் கைதட்டினார்கள். அன்று பூசையில் மணியடிக்க ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து பீடச்சிறுவனாக இருந்த பையன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தோம். நினைத்தோமே தவிர, இரண்டு தெரு தள்ளியிருந்த அவன் வீட்டுக்குப் போகவில்லை. நான்காவது வாரம் அவன் அம்மா பூசை முடிந்து தூணருகில் நின்று சொன்னார். கணக்குப்பதிவியலில் சில மதிப்பெண்ணில் தவறிவிட்டான். மற்ற ஐந்திலும் தேறியிருக்கிறான். யாரோ அழைக்க, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளும் அதற்குள் முடிந்துபோயிருந்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது அவனைக் கூப்பிட்டு, "ஏண்டா தம்பி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டோம். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அன்னைக்குக் கோயிலுக்கு வந்திருந்தா நான் எங்க சாமி உக்காந்திருப்பேன்?"

எங்களிடம் பதில் இல்லை. மறைமாவட்டக் குருக்களின் பாதுகாவலர் என்று நாங்கள் கொண்டாடும் புனித ஜான் மரிய வியான்னியே தேர்வில் தோற்றவர். லத்தீன் வராததால் லியோன் நகரின் குருமடம் அவரைத் திருப்பி அனுப்பியது. பாலே அடிகளார் அவரைக் கைவிடாமல் தன் இல்லத்தில் வைத்து மறுபடி சொல்லிக்கொடுத்தார். 1815-இல் அவர் குருவானார். ஆகஸ்டு 4-ஆம் நாள் இந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொல்லும் நாங்கள், மே மாதத்தில் அதை மறந்துவிட்டோம். அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது ஒரு பாலே அடிகளார்தான்.

ஆகவே பிள்ளைகளே, கவனமாகக் கேளுங்கள். 600-க்கு எத்தனை என்பது பெரிய செய்தியாக வரும். ஒரு பாடத்தில் 35 வரவில்லை என்றால் உலகம் முடிந்ததுபோலத் தோன்றும். முடியவில்லை. மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் வழி உண்டு. துணைத் தேர்வு கோடையிலேயே நடக்கிறது, தேறினால் அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம். பொறியியலில்கூட அவர்களுக்கென்று துணைக் கலந்தாய்வு இருக்கிறது. பாலிடெக்னிக்கில் முதலாண்டு சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இவற்றுக்கெல்லாம் விண்ணப்பிக்கும் நாள்கள் மிகக் குறைவு. வெட்கப்பட்டு ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டால் அந்த நாள்கள் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோபித்து நூலில் இரண்டு பேர் இனி வாழ வேண்டாம் என்று நினைக்கிறார்கள். ஒருவர் பார்வை இழந்த தோபித்து. மற்றவர் தொலைவில் இன்னொரு ஊரில், பிறருடைய ஏச்சைத் தாங்க முடியாத சாரா என்ற இளம்பெண். சாரா தன் தகப்பனை நினைத்து அந்த எண்ணத்தை விடுகிறாள், கடவுளிடம் அழுகிறாள். இருவரின் அழுகையையும் கடவுள் ஒரே நேரத்தில் கேட்டார் என்கிறது அந்த நூல். கேட்டு, ஓர் ஆளை அனுப்பினார். வழித்துணையாக வந்த அதே இரபேலைத்தான். அப்படி ஓர் எண்ணம் உங்களுக்கு எப்போதாவது வந்தால் தனியாக இருக்காதீர்கள், யாரிடமாவது சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது. பேச ஆள் இருக்கிறார்கள்.

பெற்றோர்களே, முடிவு வரும் காலையில் அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை விசாரிக்காதீர்கள். உங்கள் பிள்ளை சாப்பிட்டதா என்று விசாரியுங்கள். மாமா, சித்தப்பா என்று போன் செய்பவர்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், பிள்ளை கையில் போனைக் கொடுக்காதீர்கள்.

மணியடித்த அந்தப் பையனுக்குப் பிறகு எங்கள் பங்கில் வழக்கத்தை மாற்றிவிட்டோம். பிள்ளைகளை அழைத்து ஆசி கொடுப்பது இப்போது முடிவுக்கு முன்பே, கடைசித் தேர்வு முடிந்த ஞாயிறன்று. மதிப்பெண் இல்லாத நாள் அது, எல்லாரும் வருகிறார்கள். பெற்றோர் பிள்ளையின் தலையில் கை வைத்துச் செபிக்கிறார்கள். பிறகு மறைக்கல்வி அறையில் சான்றிதழ் பார்ப்பது, விண்ணப்பம் நிரப்புவது. நம் பங்கின் கல்லூரி மாணவர்களே உட்கார்ந்து செய்துகொடுக்கிறார்கள். முடிவு வரும் அன்று காலை எட்டு மணியிலிருந்து பங்கு இல்லத்தின் முன்கதவு திறந்திருக்கும். இணையத்தோடு ஒரு கணினி இருக்கும், மதியச் சாப்பாடும் இருக்கும். எத்தனை மதிப்பெண் என்று யாரும் கேட்க மாட்டோம். உங்கள் பங்கிலும் இப்படிச் செய்யலாமே என்று உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லிப் பாருங்கள்.

ஒன்று மறந்துவிட்டோம். மகனுக்கு தோபித்து சொன்ன அறிவுரைகளில், வேலை செய்தவரின் கூலியை அன்றைக்கே கொடுத்துவிடு என்பதும் ஒன்று. பள்ளியில் உங்களுக்கும் அப்படிச் சில பாக்கிகள் இருக்கும். கேன்டீன் அண்ணனுக்குத் தர வேண்டிய பத்து ரூபாய், கழிவறை கழுவிய அக்காவுக்குச் சொல்லாத நன்றி, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பேசாமலிருக்கும் ஒரு நண்பன். நூலகப் புத்தகத்தையும் நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் டி.சி. தர மாட்டார்கள்.