இணைப்பில் யாருடைய நாற்காலி போனது?



உள்ளாட்சியை ஆய்வு செய்கிற மாணவன் என்கிற முறையில் டெல்லியைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். 2012-இல் டெல்லி மாநகராட்சி மூன்றாகப் பிரிக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் வருவாய் குறைவு. தூய்மைப் பணியாளர்கள் சம்பளத்துக்காகத் தெருவில் நின்றார்கள். அதையும் காரணமாகக் காட்டித்தான் 2022 மே மாதம் மூன்றையும் ஒன்றாக்கினார்கள்.

சம்பளம் சரியாக வரவேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 272 வார்டுகள் 250 ஆயின. பட்டியல் சாதியினருக்கான இடங்கள் 46-இலிருந்து 42 ஆயின. "விகிதம் குறையவில்லையே" என்பார்கள். சரி, மேயர் நாற்காலிக்கு வருவோம்.

அங்கே மேயர் ஆண்டுக்கு ஒருவர். மூன்றாம் ஆண்டு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மூன்று மாநகராட்சிகள் இருந்தபோது மூன்று தலித் மேயர்கள், இப்போது ஒருவர். அந்த ஒருவருக்கான தேர்தலும் 2024 ஏப்ரலில் நடக்கவில்லை, நவம்பரில்தான் நடந்தது. அடுத்த ஏப்ரலில் பதவி முடிந்தது. ஓராண்டு உரிமை ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை.

குப்பை அள்ளும் கைகள் குறையவில்லை, கையெழுத்துப் போடும் கைகள்தான் குறைந்தன. எனவே தோழர்களே, எந்த ஊரில் இணைப்பு என்று அறிவித்தாலும் வரைபடத்தை மட்டும் பார்க்காதீர்கள். இடஒதுக்கீட்டுப் பட்டியலைக் கேளுங்கள்.