கொம்பியூட்டர் படிப்பும் நம் பிள்ளைகளும்
(அக்குறணையில் நடந்த தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



“ஐயா, பிள்ளையை கொம்பியூட்டர் படிக்க விடலாமா?” என்று பல தாய்மார் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாக விடலாம். ஆனால் டவுனில் ஆறு மாதம் படித்து சர்டிபிகேட் வாங்குவது ஒன்று. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் கணினிப் பொறியியல் படிப்பது வேறொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து நகையை அடகு வைக்காதீர்கள்.

கணினிப் பொறியியல் என்றால் என்ன? கொழுந்து நிறுக்கும் மின்னணுத் தராசைப் பாருங்கள். உள்ளே இருக்கிற சின்னச் சில்லு எடையை எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. அந்தச் சில்லை அமைப்பது, அதற்குக் கட்டளை எழுதுவது, கணக்கை ஆபீசுக்கு அனுப்புவது எல்லாம் இந்தப் படிப்புக்குள் வரும். கிலோ குறைந்தால் அரைப்பேர் என்பது நமக்குத் தெரியும். அந்தத் தராசைச் செய்கிற இடத்தில் நம் பிள்ளை ஒன்று இருக்கக் கூடாதா?

இதற்குத் தூரம் போகவும் வேண்டாம். இங்கிருந்து கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பேராதனைக்கு இன்னொரு பஸ். 1950இல் கொழும்பில் தொடங்கிய பொறியியல் பீடம் 1964இல் பேராதனைக்கு வந்தது. கணினிக்கென்று அங்கே தனித்துறை 1985இல் ஆரம்பமானது. கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலும் இதைப் படிக்கலாம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மகாபொல அல்லது பேசரி உதவியும் உண்டு.

வழி எது? உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் எடுக்க வேண்டும். சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாக இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது அங்கேதான். பக்கத்துப் பாடசாலையில் உயர்தரக் கணிதப் பிரிவு இல்லாவிட்டால், அது உள்ள பாடசாலையை ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலேயே விசாரித்து வையுங்கள்.

அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசைப்படி. 55 வீதம் மாவட்ட அடிப்படையில். மிச்சம் 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உண்டு, கண்டி இல்லை. எந்த மாவட்டம் என்பதைப் பிள்ளை படித்த பாடசாலையை வைத்தே பார்க்கிறார்கள். ஆகவே மாவட்டம் விட்டு மாவட்டம் பாடசாலை மாற்றுவதற்கு முன் அதிபரிடம் கேளுங்கள்.

உயர்தரத்தைத் தமிழில் எழுதலாம். பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். அதற்குப் பயந்து பின்வாங்க வேண்டாம். தினமும் பத்துச் சொல் இப்போதே படிக்கத் தொடங்கட்டும். பிறப்புச் சான்றிதழிலும் பாடசாலைப் பதிவிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் இதே வழிதான். சாதாரண தரம் முடிந்ததும் கொழும்புக் கடைக்கு வேலைக்கு அனுப்பினால், வருகிற சம்பளம் இரண்டு வருடத்துக்குக் கைகொடுக்கும். கணிதம் உள்ள பிள்ளையை அந்த இரண்டு வருடம் படிக்க விட்டால், ஒரு குடும்பமே நிமிரும். அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பரீட்சை அறிக்கையோடு என் ஆபீசுக்கு வாருங்கள். பாடசாலை தேடும் வேலையைச் சேர்ந்தே செய்வோம்.