உப்பைப் பிரித்த ஊர்



இந்த மேசையில் மூன்று பாட்டில்கள் இருக்கின்றன. முதல் பாட்டிலில் கருநீலத் தண்ணீர். சாயம் ஏறி முடிந்ததும் மெஷினிலிருந்து வடிந்தது. இரண்டாவது பாட்டிலில் தெளிந்த தண்ணீர். அதே மாதிரியான சாயத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி வந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். அந்த ஒரு சாணைக் கடக்கத் திருப்பூருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. மூன்றாவது பாட்டிலைப் பற்றிக் கடைசியில் பேசலாம்.

அறிவியல் சாதனை என்றதும் எல்லோருக்கும் 2023 ஆகஸ்ட் 23 நினைவுக்கு வரும். நிலவின் தென்துருவத்துக்கு அருகே சந்திரயான்-3 இறங்கிய நாள். அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். தமிழ்நாடே நிமிர்ந்து உட்கார்ந்த மாலை அது. அந்தப் பெருமையோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு பொறியியல் வேலை இந்த நொய்யல் ஆற்றங்கரையில் நடந்திருக்கிறது. அதைச் செய்தவர்கள் பக்கத்துத் தெருவில் குடியிருப்பதால், அது சாதனையாக யார் கண்ணிலும் படுவதில்லை.

கதையின் நாயகன், வில்லன் இரண்டுமே உப்புதான்.

பருத்தி தண்ணீரில் நனைந்ததும் அதன் மேல் எதிர்மின் தன்மை வந்துவிடும். ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே எதிர்மின் தன்மை. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நிற்கும். உப்பைப் போட்டால்தான் சாயம் துணியிடம் போகும். பிறகு சலவை சோடா சேர்ந்ததும் சாயமும் பருத்தியும் வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும். 1956-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் பருத்திக்கான இந்தச் சாயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. துவைத்தாலும் போகாத நிறம் பனியன் துணிக்குக் கிடைத்தது இதனால்தான்.

அடர்நிறம் என்றால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு கேட்கும். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டாலும், அரைக்கிலோவை நெருங்கும் உப்பு கரைகிறது. ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்கு ஒரு கைப்பிடி உப்பு. அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

ஆரம்பகாலச் சுத்திகரிப்பில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டார்கள். நிறம் இறங்கிக் கசடாகப் படிந்தது. மேலே நின்ற தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் உப்பு அப்படியே இருந்தது. வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. கண்ணுக்குத் தெளிவாக இருந்த தண்ணீர் அந்த விதியைப் பல மடங்கு தாண்டி ஓடியது.

அதன் விலையை ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த விவசாயி கொடுத்தார். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர் தேங்கும் தொட்டியாக மாறியது. கிணறுகள் உவர்த்தன. அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று பாசன விவசாயிகளே மன்றாடினார்கள். தண்ணீருக்கு ஏங்கும் கொங்கு மண்ணில் ஒரு விவசாயி அப்படிக் கேட்கிறார் என்றால், அவர் பட்ட பாடு எப்படி இருந்திருக்க வேண்டும்!

வழக்கு நடந்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்படியும் வேலை முழுமையாகவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. பாய்லர்கள் அணைந்தன. துணி வெளியூருக்கு லாரி ஏறியது. வேலை இழந்து மூட்டை முடிச்சோடு ரயிலேறிய குடும்பங்களை இந்தக் கூட்டத்தில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள்.

அங்கிருந்து ஊர் மீண்டு வந்தது ஒரு சவ்வைப் பிடித்துக்கொண்டு.

மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவி வைத்தால் என்ன ஆகிறது? கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விடுகிறது. உப்பு அதிகமாக இருக்கும் பக்கம் தண்ணீர் போவது இயற்கை. நடுவில் ஒரு சவ்வை வைத்து, உப்புப் பக்கமிருந்து பலமாக அழுத்தினால்? உப்பு நின்றுவிடும், தண்ணீர் மட்டும் திரும்பி வரும். இதற்குப் பெயர்தான் ஆர்.ஓ. யோசனை எளிது. உப்பைத் தடுத்துத் தண்ணீரை வேகமாக விடுகிற சவ்வைச் செய்வதுதான் கடினம். அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1960-ஐ ஒட்டி அதைச் செய்துகாட்டியவர்கள் இருவர். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் இந்தியாவிலிருந்து போன சீனிவாச சௌரிராஜன்.  1965-ல் கலிபோர்னியாவின் கோலிங்கா ஊர் மக்கள் அந்த வழியில் வந்த நீரைக் குடித்தார்கள்.

அந்த முதல் சவ்வு எதனால் ஆனது தெரியுமா? செல்லுலோஸ் அசிட்டேட். பருத்தியின் உடம்பும் செல்லுலோஸ்தான். பருத்திக்குச் சாயமேற்றியதால் வந்த சிக்கலுக்கு, பருத்தியின் உறவுக்காரப் பொருளிலிருந்தே விடை கிளம்பியிருக்கிறது. இன்றைய சவ்வுகள் பாலிஅமைடுக்கு மாறிவிட்டன. பழைய ஆர்.ஓ. குழல் ஒன்றை அறுத்துப் பார்த்தால் திருப்பூர்க்காரருக்கு ஆச்சரியம் வராது. நடுவில் ஒரு பைப், அதைச் சுற்றி அடுக்கடுக்காகச் சுருட்டிய மெல்லிய தாள். நிட்டிங் மெஷினிலிருந்து இறங்கிய துணி ரோல் போலவே இருக்கும்.

ஆர்.ஓ. பெரும்பகுதித் தண்ணீரைத் திருப்பித் தந்துவிடும். மிஞ்சுவது கெட்டியான உப்புக் கரைசல். உண்மையான போர் நடந்தது இதனோடுதான். எவாபரேட்டரில் ஒரு கொப்பரையின் ஆவி அடுத்த கொப்பரையைச் சூடாக்கும். அடுத்ததில் அழுத்தம் குறைவு என்பதால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஒரே நெருப்பில் பல கொதி. பிறகு குளிர்விப்பு. சாயத்துக்கு உப்பாகப் போடும் சோடியம் சல்பேட் சுமார் 32 டிகிரியில்தான் அதிகம் கரையும். 10 டிகிரிக்கு இறக்கினால் படிகமாகிக் கீழே உட்கார்ந்துவிடும். சாதா உப்பு கரைந்தே நிற்கும். எந்த ரசாயனமும் சேர்க்காமல், குளிரை வைத்தே இரண்டு உப்புகளைப் பிரிக்கிறார்கள்.

அருள்புரம் சுத்திகரிப்பு நிலையத்தில் இன்னொரு வழி பிறந்தது. உப்புக் கரைசல் முழுவதையும் காய்ச்சுவதற்குப் பதிலாக, அதிலுள்ள நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, கரைசலாகவே சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். மூட்டை உப்புக்குப் பதில் குழாய் உப்பு! தமிழ்நாடு அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. நம் மண்ணரை உட்படப் பதினெட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்தப் பாதைக்கு வந்தன. வில்லனாக இருந்த உப்பு வேலைக்குத் திரும்பியது.

வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பிரிக்க முடியாத கலவை உப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஆவியாக்கும் மின்செலவும் விறகுச்செலவும் சாயக் கூலியில் ஏறுகின்றன. இனி உப்பைப் பிரிப்பதோடு, உப்பே தேவைப்படாமல் செய்வதையும் யோசிக்க வேண்டும். பருத்தியின் மேற்பரப்பை நேர்மின் தன்மைக்கு மாற்றிவிட்டால் சாயம் தானாக ஓடிவரும். இந்த ஆராய்ச்சி பல இடங்களில் நடக்கிறது. தண்ணீரே இல்லாத வழியும் ஒன்று உண்டு. 31 டிகிரிக்கு மேல், 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு திரவமும் வாயுவுமாக ஒருசேர நடந்துகொள்ளும். அதைக்கொண்டு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பாலியெஸ்டருக்குச் சாயமேற்றும் மெஷினை நெதர்லாந்தின் டைகூ நிறுவனம் செய்திருக்கிறது. பருத்திக்கு அது இன்னும் ஒத்துவரவில்லை. செயற்கை இழைக்கும் மாறிவரும் திருப்பூருக்கு அது இப்போதே கவனிக்க வேண்டிய செய்தி.

2025-ன் வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் போனது. உலோக அணுக்களையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்து, உள்ளே வெற்று அறைகள் கொண்ட பொருளை உருவாக்கியவர்கள். சர்க்கரைக்கட்டி அளவுப் பொருளுக்குள் ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பு அடங்கும். பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கவும், நீரில் கலந்த நச்சைப் பிடிக்கவும் அதைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். கலவை உப்புக்கும் சாயநீருக்கும் இதில் ஏதாவது வழி உண்டா என்று கேட்கவேண்டிய பிள்ளை இந்த முன்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்.

அதனால் இந்த மேடையிலிருந்து ஒரே ஒரு வேண்டுகோள். சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகிற பெரியவர்களே, மாதத்தில் ஒரு நாள் வாயிற்கதவைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். ஆர்.ஓ. குழலை அவர்கள் தொட்டுப் பார்க்கட்டும். குளிரில் படிகம் விழுவதைக் கண்ணால் பார்க்கட்டும். வேதியியல் பாடம் அப்பா வேலை செய்யும் இடத்திலேயே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

இப்போது மூன்றாவது பாட்டில். இன்று காலை நொய்யலில் மொண்ட தண்ணீர் இது. பக்கத்தில் பேனா மாதிரி இருப்பது டி.டி.எஸ். மீட்டர். நீரில் உப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு மின்சாரம் கடத்தும். அதை அளந்து எண்ணாகக் காட்டும். முதல் இரண்டு பாட்டில்களை வரும்போதே அளந்தாயிற்று. மூன்றாவதை இன்னும் யாரும் அளக்கவில்லை. பிள்ளைகளே, ஒருவர் மேடைக்கு வாருங்கள். மீட்டரை முனை மூழ்கும்வரை விடுங்கள். எண் நின்றதும், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படியுங்கள்.