எழுதினார்க்கு உரிய கூலி

(நம் சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் பயிற்றும் என்னைப் பணக்கணக்குப் பேச அழைத்தது நிருவாகக் குழுவாரின் அன்பு. பிழை காணின் பொறுத்தருள்க.

எல்லா வகுப்புப் பிள்ளைகளும் உண்டு உறையும் நம் விடுதிக்குப் படிப்புக்கூடம் ஒன்று கட்ட, கம்பெனி ஒன்றினிடம் 20 லட்ச ரூபாய் மானியம் கேட்க எண்ணியுள்ளோம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய்க்குக் குறையாத கம்பெனிகள், முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 வீதம் பொதுநலத்திற்குச் செலவிடல் வேண்டும். அப்பணம் வேண்டி விண்ணப்பம் எழுத, அத்துறையில் வல்லார் ஒருவரை அமர்த்துதல் தக்கதே. ஆயின் அவர், “முன்பணம் வேண்டா, வருந்தொகையில் நூற்றுக்குப் பத்து தந்தால் போதும்” என்கின்றார். கையில் காசில்லாத நமக்கு இஃது இனிக்கின்றது. யான் இதனை மறுக்கவே எழுந்தேன்.

வீடு விற்றவன் பெற்ற விலை அவனுடையது. அதில் ஒரு பங்கைத் தரகர்க்கு அளிப்பது அவன் விருப்பம். மானியம் அத்தகையதன்று. பிள்ளைகளின் கூடத்திற்கென்று ஒருவர் நம்பி ஒப்புவித்த பணம் அது. அதனின்று 2 லட்சத்தை எடுத்துக் கொடுத்தால், கணக்குக் காட்டும் நாளில் அதனை எத்தலைப்பில் எழுதுவோம்? செங்கல் என்றா, சிமெண்டு என்றா? மானியம் அளிப்போர் பெரும்பாலும் தாம் ஒப்பிய பின்னர் நிகழும் செலவையே ஏற்பர். விண்ணப்பம் எழுதியதோ அதற்கு முந்திய செலவு. ஆகவே பொய்க்கணக்கு எழுதுதல் அல்லது கூடத்தைச் சுருக்குதல், இவ்விரண்டில் ஒன்று நேரும்.

அன்றியும், பங்கு பெறுவார்க்குத் தொகை பெருகப் பெருகத் தம் ஊதியமும் பெருகும். 40 பிள்ளைகள் உள்ள விடுதி ஏட்டில் 80 பிள்ளைகள் உள்ளதாகிவிடும். 2 லட்சத்திற்கு எழுதினும் 20 லட்சத்திற்கு எழுதினும் எழுதுவார் உழைப்பு பதின்மடங்காகப் பெருகுவதில்லையே! தாலுகா அலுவலக வாயிலில் மனு எழுதுவார் மனுவிற்குக் காசு பெறுகின்றார். பட்டா கிடைத்த நிலத்தில் பங்கு கேட்பதில்லை. வழக்கறிஞர்கள் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுதலை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. அமெரிக்க நாட்டில் நிதி திரட்டுந் தொழிலோர் சங்கமும், மானிய விண்ணப்பம் எழுதுவோர் சங்கமும், தம் உறுப்பினர் வருந்தொகையில் வீதம் பெறலாகாதென விலக்கியுள்ளன.

இனி நம் குற்றத்தையும் சொல்லல் வேண்டும். சில ஆண்டுகட்கு முன் நம்மவருள் படித்த இளைஞர் ஒருவரை இவ்வாறே ஒரு விண்ணப்பம் எழுதித் தருமாறு கேட்டோம். “பணம் வந்தால் பார்த்துக்கொள்வோம்” என்று ஐவர் கூடிச் சொன்னோம். அவ்வைவருள் யானும் ஒருவன். மூன்று வாரம் இரவில் கண்விழித்து அவர் எழுதினார். மானியம் கிடைக்கவில்லை. காரணம் அவர் எழுத்தன்று. நம் இரண்டாண்டுக் கணக்குத் தணிக்கையாகாமல் கிடந்தது! நாம் ஆண்டுவிழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பினோம். அதன்பின் அவர் நம் கூட்டத்திற்கு வரவில்லை.

ஆதலின் யான் வேண்டுவது இது. எத்தனை நாள் வேலையென முன்னரே பேசி, ஒரு தொகையைத் தீர்மானித்து எழுத்தில் வைத்துக்கொள்வோம். பாதி தொடக்கத்தில், பாதி முடிந்த விண்ணப்பத்தைக் கையில் பெறும் நாளில். கம்பெனியின் முடிவுக்குக் காத்திருத்தல் கூடாது. அப்பணம் சந்தாவினால் சேர்ந்த பொதுநிதியினின்றே வருக. தணிக்கைக் கணக்கையும், 2021 ஏப்ரல் முதல் இத்தகைய மானியம் பெறுவார்க்கு வேண்டப்படும் அரசுப் பதிவையும் முன்னரே நாம் சித்தமாக வைப்போம். அதற்கும் பொருளில்லையெனின், செயலாளர் எழுதட்டும்; நடையைத் திருத்தித் தர யான் இருக்கின்றேன்.

எனினும் அவ்விளைஞர்க்குச் சேரவேண்டிய மூன்று வாரக் கூலி முதற்கண் தீர்க்கப்படல் வேண்டும். இது பொதுநிதிக்கு உரிய கடனன்று. அன்று வாய்ச்சொல் தந்த ஐவர்க்கும் உரியது. என் பங்கை இக்கூட்டம் தொடங்குமுன் செயலாளரிடம் ஒப்புவித்துள்ளேன். மற்றை நால்வரும் இவ்வவையிலேயே இருக்கின்றனர்.