தெருக்குரல் அறிவு
(நமது உறவின்முறை மண்டபத்தில், மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தின் முடிவில் எழுந்த வாக்குவாதத்தைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பங்குனிப் பொங்கல் எட்டாம் நாள் இரவில் 'ராப்' பாட்டுக்கு அரைமணி நேரம் வேண்டுமென்று நம் பிள்ளைகள் விண்ணப்பித்தார்கள். "அது பாட்டா, கூச்சலா?" என்று ஒரு பெரியவர் வினவினார். பண்டிதர் வாயால் விடை வரட்டும் என்று காரியதரிசி அவர்கள் இப்பாரத்தை என் தலைமீது வைத்தார்கள். யான் பாடகன் அல்லேன். யாப்பிலக்கணம் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்ப்பவன். ஆயினும் ஒரு மாத காலம் என் மகனுடைய கைப்பேசியை வாங்கிவைத்துக்கொண்டு, இப்பாட்டுக்களைக் கேட்டேன். அவன் பாடப்புத்தகத்தைத் திறந்ததும் அம்மாதத்தில்தான் என்று என் மனையாள் சொல்லுகிறாள்.

ராப் என்பது தாளத்தின்மேல் ஏறிச்செல்லும் விரைந்த பேச்சு. 1973 ஆகஸ்டு 11 அன்று, நியூயார்க்கு நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காத் தீவிலிருந்து குடியேறிய கிளைவ் காம்பெல் என்னும் இளைஞர், தம் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுக்களைச் சுழற்றினார். அந்நாளையே இக்கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகின்றனர். வறிய நீக்ரோ மக்கள் என்று நம் பழைய புத்தகங்கள் குறித்த அக்கறுப்பின மக்களின் தெருவிலே பிறந்தது இது. நமக்கு இது 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' வழியாக அறிமுகமாயிற்று. அதில் தேனி குஞ்சரம்மாளின் நாட்டுப்புறக் குரலும் கலந்திருந்ததை இங்குள்ள தாய்மார் அறிவர். பின்னர் 2006இல் மலேசியத் தமிழராகிய யோகி பி, நட்சத்திரா குழுவினரோடு 'வல்லவன்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' வந்தது.

இனி, பாட்டா கூச்சலா என்னும் வினா. மேனாட்டு ராப்பிற்கு உயிர்நாடி அடியின் இறுதியில் ஒலி ஒத்து வருதல். அதனை நம் இலக்கணத்தார் இயைபுத் தொடை என்பர். நமக்கோ எதுகையும் மோனையும் அடியின் முதலிலேயே வந்து நிற்பன. தமிழில் ராப் பாடுவோன் இரு முனையிலும் ஒலியைக் கட்டக்கூடும். இது நம் மொழிக்கு வாய்த்த வசதி. அருணகிரிநாதரின் சந்தத்தை மூச்சு விடாமல் ஓதிப் பழகிய பிள்ளைக்கு இவ்விரைவு புதிதன்று. இம்மண்டபத்தில் சரவெடி பின்னிய கைகள் பல உள. 2018இல் உச்சநீதிமன்றம் சரவெடியைத் தடுக்குமுன் அத்தொழிலால் உண்டவர் நாம். வெடிக்கும் வெடிக்கும் இடையே திரி ஒரே அளவில் நில்லாவிட்டால் சரம் நடுவில் அணைந்துபோமன்றோ? அவ்வளவு கண்டிப்பு இப்பாட்டிலும் உண்டு. ஒரு மாத்திரை பிசகினால் பாடுவோன் தாளத்திலிருந்து விழுந்துவிடுவான். பலர் விழுகின்றனர் என்பதையும், ழகரத்தைக் கொலைசெய்வோர் மிகப்பலர் என்பதையும் மறைக்கமாட்டேன்.

விழாதவருள் ஒருவரைப் பற்றியே இன்று பேச வந்தேன். அரக்கோணத்தில் பிறந்த அறிவரசு என்னும் அறிவு அவர். பொறியியல் பயின்றவர். 2018 சனவரியில், இயக்குநர் பா. ரஞ்சித் அவர்களின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் கூட்டிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. கானாவும் பறையும் மேனாட்டுக் கருவிகளும் கூடிய அக்குழுவில் அறிவும் ஒருவர். 2019இல் ஆஃப்ரோ என்னும் இசைஞரோடு திரைப்படக் கம்பெனி எதனையும் சாராது ஒரு தொகுப்பு வெளியிட்டார். பெயர் 'தெருக்குரல்'. அப்பெயரைக் கண்டபோது யான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். 'திருக்குறள்' என்பதில் மூன்றே எழுத்து மாறுகின்றன: திகரம் தெகரமாயிற்று, வல்லின றகரம் இடையின ரகரமாயிற்று, ளகர மெய் லகர மெய்யாயிற்று. ரகர றகர வேறுபாட்டையும் லகர ளகர வேறுபாட்டையும் யான் இருபது ஆண்டாகக் கரும்பலகையில் எழுதி அழித்தும் என் மாணாக்கர் மனத்தில் நில்லாதது, இவ்வொரு பெயரால் நின்றுவிட்டது.

திரைப்படத்திற்கும் அவர் எழுதியதுண்டு. 'மாஸ்டர்' படத்து 'வாத்தி ரெய்டு' அவர் எழுத்து. யான் வகுப்பில் நுழையும்போது பின்வரிசைப் பிள்ளைகள் அதனை முணுமுணுத்த காலமொன்று இருந்தது, மன்னித்துவிட்டேன்.

இங்கே ஒரு தடை உண்டு. சாதியற்றார் என்று பெயரிட்டுக்கொண்ட குழுவினரைப் பற்றிச் சாதிச் சங்க மண்டபத்தில் பேசலாமா என்று அன்பர் ஒருவர் இன்று வாசலிலேயே என்னை மறித்துக் கேட்டார். நியாயமான கேள்வி. அப்பெயர் அயோத்திதாச பண்டிதர் (1845–1914) ஆண்ட சொல்லை நினைந்து இடப்பெற்றது. அவர் பாடல்களில் சில, கேட்கும்போது நம்மையும் சுடும். எனக்கும் சுட்டது. நம் பாட்டனார் மகமை சேர்த்துக் கிணறும் பள்ளியும் வைத்தது, பிறர் கிணற்றிலும் பிறர் பள்ளியிலும் நமக்கு இடம் இன்மையால் அன்றோ? அவ்வலியை அறிந்த நாம், நமக்குப் பின்னே வேறொருவர் நிறுத்தப்படும்போது வாளாவிருந்தோமா, நாமே நிறுத்தினோமா என்பதை அவரவர் நெஞ்சம் அறியும். அப்பாடகர் அதனைக் கேட்கிறார். கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு என்பது என் கருத்து. இதற்காக அடுத்த மாதம் என்னை அழைக்காவிட்டாலும் குறையில்லை.

அவர் பெயரை உலகறியச் செய்தது 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் என்ஜாமி'. சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடியது. இணையத்தில் நாற்பது கோடி முறைக்கு மேல் காணப்பெற்றது. அதன் வேர் அறிவின் பாட்டியார் வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர் அவர். 1964இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்படிக்கையில், நாடற்றிருந்த 9,75,000 தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சியோர் பிரச்சினை பின்னுக்குத் தள்ளப்பட்டது. எந்தப் பக்கம் போகவேண்டுமென்பதை ஆளுக்குப் பங்கிட்டு எழுதினார்கள். செடி நட்டவருக்கு ஒரு பிடி மண்ணும் இல்லை. கணக்கேட்டில் எண்ணாய்க் கிடந்த அக்கிழவியைப் பேரன் பாட்டிலே இருத்தினார். ஒப்பாரி, தாலாட்டு, பறவைகளைக் கூப்பிடுதல் யாவும் அதில் உள.

அப்புறம் நடந்ததைப் பெற்றோர் செவிகொடுத்துக் கேட்கவேண்டும். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீயும் வேறொரு பாடகரும் இடம்பெற்றனர், அறிவு இல்லை. ரஞ்சித் முதலியோர் கண்டித்தபின், அவர் படத்தோடு ஓர் அட்டையை அப்பத்திரிகை வெளியிட்டது. 2022 சூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்கவிழாவில் அப்பாட்டு அவரின்றி ஒலித்தது. இப்பாட்டைத் தாமே இயற்றி, எழுதி, பாடியதாக அவர் எழுதினார். அது மூவரின் கூட்டுமுயற்சி, வருவாயும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் விடையிறுத்தார். அவரே 2024 மார்ச்சில், அப்பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று பகிரங்கமாக வருந்தினார். வெளியிட்ட நிறுவனத்தார் மறுத்தனர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல யான் வரவில்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே கணக்கு இப்படி என்றால், நம் பிள்ளைகள் கையெழுத்திடுமுன் காகிதத்தைப் படிக்கவேண்டும். சரக்கு அனுப்புமுன் பில்லும் ரசீதும் பார்க்கும் நாம், பாட்டுக்கு மட்டும் ஏன் பார்ப்பதில்லை? அறிவு சோர்ந்துவிடவில்லை. அம்பசா என்னும் குழுவோடு 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்னும் தொகுப்பைத் தந்தார். பெயரிலேயே பாட்டி வந்துவிட்டார்; இனி அவரை எந்த அட்டையிலிருந்தும் நீக்க ஒருவராலும் ஆகாது.

விண்ணப்பம் தந்த பிள்ளைகளுள் ஒருவன் என் மாணாக்கன். இரண்டாண்டுக்கு முன் அவன் நோட்டுப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பாட்டெழுதக் கண்டு, சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு, 'வீண்வேலை' என்று எழுதினேன். இம்மாதம் அவனை அழைத்து அதனை மீண்டும் வாங்கிப் படித்தேன். அவன் பாட்டி தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிய கதை அது. விடியுமுன் வாசலில் வந்து ஊதும் வண்டி, மருந்து படிந்த விரலால் பேரனுக்குச் சோறூட்ட அஞ்சிக் கரண்டி தேடும் கிழவி, யாவும் அதில் இருக்கின்றன. தளை தட்டுகிறது, பொருள் தட்டவில்லை. என் கோட்டின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டிக் கொடுத்தேன். அவன் அதனைக் கிழித்துவிட்டு, "கோடு இருக்கட்டும் ஐயா" என்றான்.

ஆகவே, அரைமணி நேரம் தரவேண்டுமென்று சபையோரை வேண்டுகிறேன். நோட்டீசில் 'இளைஞர் கலைநிகழ்ச்சி' என்று பொதுவாகப் போடாமல், பாட்டு எழுதியவன் பெயர், தாளம் அடிப்பவன் பெயர், பாடுவோன் பெயர் மூன்றையும் தனித்தனியே அச்சிடவேண்டும். அவன் பாட்டியார் முன்வரிசையில் அமர ஒரு நாற்காலியும் வேண்டும். அவருக்குத் தரையில் உட்கார முழங்கால் இடங்கொடாது. நோட்டீசு வருகிற வெள்ளிக்கிழமை சிவகாசி அச்சுக்கூடத்துக்குப் போகிறதாம். புரூப் பார்க்கும் வேலையை யானே ஏற்றுக்கொள்ளுகிறேன்.