பணம் யார் பேர்ல இருக்கு?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் கணக்காளர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ரொக்கமில்லாப் பரிவர்த்தனை. இதை வச்சுப் போன மாசம் செயற்குழுவிலேயே சண்டை நடந்தது உங்களுக்குத் தெரியும். வாராவாரம் சில்லறை எண்ணி, கசங்கின நோட்டை நீவி, கணக்கு டேலி ஆகாம ராத்திரி வரைக்கும் உட்கார்றது எதுக்கு, எல்லாரும் ஜிபேயில போட்டுடுங்கன்னு இளைய ஊக்குநர்கள் சொன்னாங்க. எங்ககிட்ட போனே இல்லை, இருக்கிறதும் பையன் கையில இருக்கு, நாங்க எங்க போறதுன்னு மூத்தவங்க கேட்டாங்க. ரெண்டு பேச்சுலயும் நியாயம் இருக்கு. ஆனா அந்தப் பணம் யார் பேர்ல போய் விழுதுன்னு அன்னைக்கு ஒருத்தரும் கேட்கலை. நான் அதைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன்.

போன்ல பணம் அனுப்புறதுல வசதி இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். சில்லறை இல்லைன்னு திரும்பிப் போன வாடிக்கை இப்ப நின்னு வாங்குதுன்னு பூக்கட்டி விக்கிற நம்ம உறுப்பினர்கள் சொல்றாங்க. கடன் தவணையை மஞ்சப்பையில சுத்தி மடியில வச்சுக்கிட்டு, பஸ் ஏறி, பேங்க் வரிசையில நின்ன நாளெல்லாம் நமக்கு மறந்துடுமா? மகளிருக்கு டவுன் பஸ் இலவசம்தான். விட்ட அரை நாள் கூலியை யார் குடுப்பா?

சரி, குழுக் கணக்குக்கு வருவோம். ரெண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, தீர்மான நகலையும் காட்டினாத்தான் அதுல இருந்து காசு வெளியே வரும். நம்மை அலைய விடறதுக்காக வச்ச ஏற்பாடு இல்லை இது. ஒருத்தர் தனியா எடுத்துட முடியாதுங்கிறதுக்கான பூட்டு. யுபிஐ அப்படி இல்லை. ஒருத்தர், ஒரு ரகசிய எண், அவ்வளவுதான். அதனால ரெண்டு கையெழுத்துக் கணக்கைப் பெரும்பாலும் ஒருத்தர் போன்ல ஏத்த முடியறதில்லை. உடனே ஊக்குநர் சொல்றாங்க: "என் நம்பருக்கே போட்டுடுங்க அக்கா, நான் மொத்தமா கட்டிடறேன்."

நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா பதினஞ்சு பேரோட சேமிப்பும் தவணையும் அவங்க சொந்தக் கணக்குல போய் விழுது. அதே கணக்குல, வண்டிக் கடனுக்கோ பாத்திரச் சீட்டுக்கோ மாசாமாசம் தானா பிடிச்சுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருப்பாங்க. அந்தத் தேதியில குழுப் பணம் உள்ளே கிடந்தா, இது யார் பணம்னு கம்ப்யூட்டர் கேட்குமா? பிடிச்சிடும். ஒரு குழுவில இது நடந்தே போச்சு. எந்தக் குழு, யாருன்னு நான் சொல்லப் போறதில்லை. பல வருஷமா ஒரு பைசா பிசகாம கணக்கு வச்சவங்க அவங்க. ரெண்டே நாள்ல ஊர் அவங்களைத் திருடின்னு சொல்லிடுச்சு. காதுத் தோட்டை அடகு வச்சுக் கட்டி முடிச்சாங்க. அதுக்கப்புறமும் ரெண்டு பேர் குழுவை விட்டுப் போயிட்டாங்க. தப்பு அவங்க பேர்ல இல்லை. குழுப் பணம் குழுக் கணக்குக்குப் போகாததுதான் தப்பு.

வீட்டுக்குள்ளயும் இதே கதைதான். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. அன்னைக்கு நாட்டுல புழங்கின பணத்தோட மதிப்புல 86 சதவீதம் அந்த ரெண்டு நோட்டுதான். கறுப்புப் பணம் வெளியே வரும்னு சொன்னாங்க. நம்ம வீடுகள்ல வெளியே வந்தது சிறுவாடு. அரிசிப் பானைக்குள்ள, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில, பழைய புடவை மடிப்புல கிடந்த காசு. பிள்ளையோட பரீட்சைக் கட்டணத்துக்கு, அம்மா வீட்டுச் செய்முறைக்கு, ஒரு நாள் அடி தாங்க முடியாம கிளம்பினா பஸ்ஸுக்கு, இப்படி எதுக்குன்னு யாருகிட்டயும் சொல்லாம சேர்த்தது. மாத்தணும்னா வீட்டுக்காரர்கிட்ட சொல்லியாகணும். சொன்னாங்க. சில வீட்டுல அந்தக் காசு திரும்பி வரவே இல்லை. ரொக்கம்னாலே கள்ளக் கணக்குன்னு பேசுறவங்க இந்த அரிசிப் பானையையும் கொஞ்சம் நினைச்சுப் பார்க்கணும்.

பேங்க் கணக்கையும் அந்த மாதிரிப் பத்திரமான இடமா ஆக்கிக்கலாம். ஆனா குறுஞ்செய்தி யார் போனுக்கு வருது? 2023 செப்டம்பர்ல இருந்து மாசம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வருதே, அது வந்த சத்தம் யார் சட்டைப்பையில கேட்குது? கணக்கு ஆரம்பிச்ச காலத்துல வீட்டுக்கு ஒரே போன், அதனால வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தாங்க. இன்னைக்கும் அதே நம்பர்தான் இருக்கு. யுபிஐ தொடங்கணும்னாலும் கணக்கோட சேர்ந்திருக்கிற அந்த நம்பர்லதான் தொடங்க முடியும். பாஸ்புக்குல பேர் நம்மது, சாவி அவர்கிட்ட. இப்படி இருக்கும்போது "எல்லாரும் போன்ல போடுங்க"ன்னு குழு தீர்மானம் போட்டா, அம்பது ரூபாய் சேமிப்புக்குக்கூட ஒரு பெண் வீட்டுல கையேந்தணும்.

பட்டன் போனுக்கு 2022ல இருந்து 123பேன்னு ஒரு வழி இருக்கு. சொல்லித் தரலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்களுக்கு அது சுலபம்னு எனக்குப் படலை. ஒண்ணை மட்டும் எல்லாரும் மனசுல வச்சுக்கணும்: பணம் வாங்குறதுக்கு ரகசிய எண் தேவையே இல்லை. "உங்களுக்குப் பணம் வந்திருக்கு, எண்ணைப் போடுங்க"ன்னு யார் கேட்டாலும் போனை வச்சிடுங்க. ஏமாந்துட்டா வெட்கப்பட்டு மூடி வைக்காம உடனே 1930க்குக் கூப்பிடுங்க.

இன்னொரு விஷயம், கூட்டம். பாயில வட்டமா உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருத்தியும் வைக்கிற காசைப் பதினஞ்சு பேரும் பார்க்கிறோம். இந்த வாரம் இவ ஏன் கட்டலை, முகம் ஏன் வாடியிருக்குன்னு தெரியறது அங்கதான். உள்கடன் முதல்ல யாருக்கு வேணும்னு தெரியறதும் அங்கதான். பஞ்ச சூத்திரத்துல முதல் சூத்திரமே ஒழுங்கா கூட்டம் நடத்துறது. 1992ல நபார்டு வங்கி இணைப்புத் திட்டத்தை ஆரம்பிச்சப்ப நம்மகிட்ட அடமானம் வைக்க என்ன இருந்தது? இந்தக் கூட்டமும் தீர்மான நோட்டும்தான். "நான்தான் போன்ல போட்டுட்டேனே, எதுக்கு வரணும்"னு ஆரம்பிச்சா, சேமிப்பு வரும், குழு இருக்காது.

அதனால செயற்குழு முன்னால நான் வச்சது இதுதான். வங்கித் தவணை குழுக் கணக்குல இருந்தே நேரா போகட்டும். போன்ல சேமிப்புப் போட விரும்புறவங்க குழுவோட கணக்கு எண்ணுக்கே போடட்டும், ஊக்குநர் நம்பருக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். போட்டவங்களும் கூட்டத்துக்கு வந்து, பேர் படிக்கும்போது தொகையைச் சொல்லி நோட்டுல ஏத்தணும். ரொக்கமா கொண்டு வர்றவங்களை யாரும் முகம் சுளிச்சுப் பார்க்கக் கூடாது, அதுக்கு அபராதமும் போடக் கூடாது. இதை ஓட்டுக்கு விடறதா தலைவி அம்மா சொல்லியிருக்காங்க.

அதுக்கு முன்னால ஒரு வேலை. மதியச் சாப்பாடு முடிஞ்சதும் வராந்தாவுக்கு வாங்க. கணக்குல செல் நம்பர் மாத்துற விண்ணப்பம் பேங்க்ல இருந்து வாங்கி வச்சிருக்கோம். பாஸ்புக் கொண்டு வந்தவங்க இன்னைக்கே எழுதிடலாம். கொண்டு வராதவங்க படிவத்தை வாங்கிட்டுப் போங்க, புதன்கிழமை எல்லாரும் சேர்ந்தே பேங்குக்குப் போவோம். சொந்த நம்பர் இல்லாதவங்க பேரைத் தனியா எழுதிக் குடுங்க, சிம் கார்டுக்கு என்ன வழின்னு அடுத்த செயற்குழுவில வைக்கிறேன்.