எனக்குரிய தொழில் எது?



பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வினா எழுகிறது. "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று தந்தையார் கேட்கிறார், மாமா கேட்கிறார், அடுத்த வீட்டுக்காரரும் கேட்கிறார். அந்த மாணவன் ஒருவனைத் தவிர மற்ற எல்லாரிடமும் அதற்கு விடை ஆயத்தமாக இருக்கிறது. மருத்துவம் என்பார் ஒருவர். பொறியியல் என்பார் மற்றொருவர். கணினி என்பார் வேறொருவர். எல்லாரும் அவன் நன்மையை நாடுபவர்களே. அதில் ஐயம் இல்லை. ஆனால், முப்பது நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் காலையில் எழுந்து அந்தப் பணிக்குச் செல்லப் போகிறவன் அவன் ஒருவனே அல்லவா? ஆதலால், அவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சில உள்ளன. அவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். மாணவன் என்று நான் சொல்லும் இடங்களில் எல்லாம் மாணவியையும் சேர்த்தே சொல்வதாகக் கொள்ளுங்கள்.

திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அது போருக்குப் புறப்படும் அரசனை நோக்கிச் சொல்லியது. எனினும், வாழ்க்கைக்குள் புறப்படும் இளைஞனுக்கும் அது பொருந்தும். செய்யக் கருதிய செயலின் வலிமை, தன்னுடைய வலிமை, எதிர்த்து நிற்பவனின் வலிமை, துணை நிற்பவரின் வலிமை ஆகிய நான்கையும் எடைபோட்டுப் பார்த்த பிறகே செயலில் இறங்க வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? அதில் ஊதியம் எவ்வளவு, போட்டி எவ்வளவு, படிப்பிக்கப் பணம் உண்டா என்று ஆராய்கிறோம். நான்கில் மூன்றைப் பார்த்துவிடுகிறோம்; தன் வலிமை என்ற ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறோம். தம் வலிமையை அறியாமல் ஊக்கத்தால் மட்டும் தொடங்கி இடையில் முறிந்துபோனவர் பலர் என்றும் அதே அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே படிப்பில் மனம் ஒட்டாமல் தவிக்கும் மாணவரைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த எச்சரிக்கை நினைவுக்கு வருகிறது.

தன்னை அறிவது எப்படி? கண்ணை மூடிக்கொண்டு தனியே அமர்ந்து, "நான் யார்?" என்று எண்ணிப் பார்ப்பது ஞானியர்க்கு ஏற்ற வழி. நமக்கு எளிய வழி ஒன்று உண்டு. நாம் எதை விரும்புவதாகச் சொல்கிறோம் என்பதை விட்டுவிட்டு, எதைச் செய்கிறோம் என்று கவனிப்பதே அவ்வழி. ஆசை நம்மை ஏமாற்றக் கூடும். நம் செயல்கள் அவ்வளவு எளிதாக ஏமாற்றுவதில்லை.

ஆகவே, முதல் வினா இது: யாரும் ஏவாதபோது நான் எதைச் செய்கிறேன்?

சர் சி. வி. இராமனை எடுத்துக்கொள்வோம். அவர் 1907ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் எம். ஏ. தேறினார். மாணவராக இருந்தபோதே இங்கிலாந்து அறிவியல் இதழ் ஒன்றில் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்துவிட்டது. ஆயினும் என்ன? அந்நாளில் நம் நாட்டில் அறிவியலையே தொழிலாகக் கொள்வதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. மேலைநாடு சென்று படிக்க அவர் உடல்நிலை இடங்கொடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். ஆதலால், அரசாங்கக் கணக்குத் துறைத் தேர்வை எழுதினார். கல்கத்தாவில் உதவிக் கணக்காயர் பதவி கிடைத்தது. நல்ல ஊதியம், உயர்ந்த பதவி, உற்றார் உறவினர் மெச்சும் வாழ்வு. வேறொருவராயின் அத்துடன் நிறைவடைந்திருப்பார்.

அவரோ பௌபசார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தேடிச் சென்றார். 1876இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய அந்தக் கழகத்தில் அலுவலகம் செல்லும் முன்பும், அலுவலகம் முடிந்த பின்பும் ஆராய்ச்சி செய்தார். யாழ் வகைகளின் நரம்பு எப்படி அதிர்கிறது, மிருதங்கத்தின் ஒலி ஏன் இனிக்கிறது என்பன போன்ற வினாக்கள் அவரை ஆட்கொண்டிருந்தன. அதற்காக அவருக்கு எவரும் ஊதியம் தரவில்லை; செய்யாவிட்டால் எவரும் கடிந்துகொள்ளப் போவதும் இல்லை. ஓர் ஆண்டு அன்று, ஈராண்டு அன்று, பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1917ஆம் ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி வந்தபோது, குறைந்த ஊதியம் என்று தெரிந்தும் கணக்குத் துறையை விட்டு விலகி அதனை ஏற்றுக்கொண்டார். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவுக்காக, 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததை நீங்கள் அறிவீர்கள்.

பரிசை மறந்துவிட்டு அந்தப் பத்தாண்டுகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். களைத்து வீடு திரும்பிய பிறகும் எந்த வேலை ஒருவனைத் தன்பால் இழுக்கிறதோ, அந்த வேலையில் அவனுடைய இயல்பு வெளிப்படுகிறது.

இரண்டாவது வினா இன்னும் கூர்மையானது: நான் விரும்புவது அத்தொழிலின் பயனையா, அல்லது அதன் உழைப்பையா?

மேடையில் பாட விரும்புவோர் பலர். விடியற்காலையில் ஒரே வரிசையை நூறு முறை பாடிப் பழக விரும்புவோர் சிலர். நூலாசிரியர் என்ற பெயரை விரும்புவோர் பலர். எழுதியதை நான்கு முறை அடித்துத் திருத்த விரும்புவோர் சிலர். ஒரு தொழிலின் புகழை விரும்புவது அத்தொழிலை விரும்புவது ஆகாது.

இதற்கு டாக்டர் உ. வே. சாமிநாதையர் வாழ்க்கையைவிடச் சிறந்த விளக்கம் இல்லை. அவர் தந்தையார் இசைவாணர். தம் மகனும் இசையில் தேர வேண்டும் என்பது அவர் விருப்பம். சாமிநாதையர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிறிது காலம் இசை பயின்றதும் உண்டு. ஆயினும் அவர் உள்ளம் தமிழையே நாடியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து பாடங் கேட்டார். 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டில் அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், "என்ன என்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள்?" என்று வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியாரோ சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். பிறகு சிந்தாமணி ஐயர் கைக்கு வந்தது. அன்று தொடங்கிய வேலை 1942இல் அவர் மறையும் வரை ஓயவில்லை.

அது எத்தகைய வேலை? பழைய ஓலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தோன்றாது. ஒரு செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் விளங்காது. ஓலைகள் பூச்சி அரித்தும் முறிந்தும் கிடக்கும். ஒரு பிரதியில் உள்ளதை மற்றொரு பிரதியோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிந்தாமணி சமண நூல் ஆதலால், அதன் கொள்கைகளை அறியச் சமண அன்பர்களை நாடிச் சென்று மாணவரைப்போல் அமர்ந்து கேட்டார். இவ்வளவும் செய்து அந்நூல் 1887இல் அச்சேறிற்று. பின்னர் 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வந்தன. புகழை மட்டும் விரும்பியவராயின், முதல் கட்டு ஓலையிலேயே அவர் சலித்துப்போயிருப்பார். பிறருக்குச் சுமையாகத் தோன்றும் உழைப்பு அவருக்குச் சுவையாக இருந்தது. அதுவே அவருக்குரிய தொழில் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆசிரியன் என்ற முறையில் நான் கண்ட ஒன்றையும் இங்கே சொல்லுகிறேன். ஒரு மாணவர் வழக்கறிஞர் ஆக வேண்டும் என்று என்னிடம் வந்தார். காரணம் கேட்டேன். "எனக்கு நன்றாகப் பேச வரும்" என்றார். வழக்கறிஞரின் நாளில் பேசும் நேரம் குறைவு, படிக்கும் நேரமே மிகுதி என்று சொல்லி, விடுமுறையில் இரண்டு வாரம் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் இருந்து பார்க்கும்படி அனுப்பினேன். அவர் திரும்பி வந்து தம் பேச்சுத் திறனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு பழைய நிலவழக்கின் கட்டுகளைப் புரட்டியதையும், ஒரு வயல் கைமாறிய வரலாறு பத்திரத்துக்குப் பத்திரம் விரிந்ததையும் ஒரு மணி நேரம் சொன்னார். அவர் சட்டம் படிக்கலாம் என்று அப்போதுதான் எனக்குத் தெளிவாயிற்று. அவருக்கும் அப்போதுதான் தெளிவாயிற்று.

மூன்றாவது வினா: பிறருடைய எந்தக் குறை என் உள்ளத்தை விடாமல் உறுத்துகிறது?

வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் 1925இல் கும்பகோணத்தில் பிறந்தவர். தந்தையார் மருத்துவர். மகனும் மருத்துவராவார் என்றே வீட்டார் எண்ணியிருந்தனர். 1943ஆம் ஆண்டில் வங்காளத்தில் கொடிய பஞ்சம் மூண்டு, இலட்சக்கணக்கான மக்கள் பசியால் மாண்டனர். அச்செய்தி அந்த இளைஞரின் உள்ளத்தைத் திருப்பியது. திருவனந்தபுரத்தில் விலங்கியல் பட்டம் பெற்றிருந்தவர், கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்து பயிர்களைப் பற்றிக் கற்றார். பின்பு இந்தியக் காவல் பணிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அதனை ஏற்காமல், மரபியல் ஆராய்ச்சிக்காக நெதர்லாந்து சென்றார். 1960களில் குட்டைக் கோதுமை வகைகள் நம் வயல்களில் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2023இல் அவர் மறைந்தார். பசித்தவரின் துன்பம் அவருக்குத் தொழிலைக் காட்டியது. எல்லாருக்கும் எல்லாத் துன்பமும் ஒரே அளவில் உறைப்பதில்லை. ஒருவனுக்கு நோய், ஒருவனுக்கு அறியாமை, ஒருவனுக்கு நேர்மையின்மை, ஒருவனுக்குப் பாழ்படும் ஏரி. எது உங்களை உறுத்துகிறது என்று பாருங்கள்.

"இவை எல்லாம் வசதியுள்ளவர்க்கு உரிய வினாக்கள், எங்கள் வீட்டில் உடனே வருவாய் வேண்டும்" என்று உங்களில் சிலர் எண்ணலாம். அந்த எண்ணத்தில் உண்மை இருக்கிறது. தாய் தந்தையரைத் தாங்க வேண்டிய கடமை விருப்பத்தினும் சிறியது அன்று. கணித மேதை சீனிவாச இராமானுசன் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்கே இருந்துகொண்டேதான் 1913ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜுக்குத் தம் கணக்குகளை எழுதி அனுப்பினார். கிடைத்த வேலையைச் செய்யுங்கள், நேர்மையாகச் செய்யுங்கள். ஆனால் உங்கள் நாளில் ஒரு மணி நேரத்தையேனும் உங்கள் இயல்புக்கென்று காத்து வையுங்கள். வழி திறக்கும் நாளில் அந்த ஒரு மணி நேரமே உங்களை ஆயத்தமானவராகக் காட்டும்.

பெற்றோரோடு கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வது? "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அச்சொல்லுக்கு எடை குறைவு. பெற்றோர் அஞ்சுவது உங்கள் விருப்பத்தைக் கண்டு அன்று. நாளைக்கு நீங்கள் துன்பப்படக் கூடாதே என்றுதான் அஞ்சுகிறார்கள். ஆகவே, விரும்பிய துறையில் நீங்கள் இதுவரை செய்தது என்ன, அதற்குரிய படிப்பு எங்கே உண்டு, அதனால் எவ்வாறு வாழலாம் என்பவற்றை எழுதிக்கொண்டுபோய் அவர்கள் முன் வையுங்கள். ஒரே நாளில் அவர்கள் இசையமாட்டார்கள். எனினும், உழைத்துத் தேடி வந்த பிள்ளையின் சொல்லைப் பெற்றோர் முற்றும் தள்ளிவிடுவது அரிது.

இறுதியாக ஒரு சிறு வேலை தருகிறேன். ஒரு குறிப்பேடு வாங்குங்கள். ஒரு திங்கள் காலம், ஒவ்வொரு நாளும் படுக்கைக்குப் போகும் முன் மூன்று வரிகள் எழுதுங்கள். இன்று எதைச் செய்கையில் நேரம் போனது தெரியவில்லை? எதைச் செய்யாமல் தள்ளிப்போட்டேன்? எதைக் கண்டு என் மனம் வருந்தியது? பிறருக்குக் காட்ட எழுத வேண்டா. உள்ளதை உள்ளவாறு எழுதுங்கள். திங்கள் முடிவில் முழுவதையும் ஒருமுறை படியுங்கள். அடிக்கடி வரும் சொல் எது என்று பாருங்கள். பின்பு அத்துறையில் பணியாற்றும் ஒருவரைத் தேடிச் சென்று, அவர் வாழ்வின் சிறந்த நாளைப் பற்றிக் கேளாமல், சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையை அவர் எப்படிக் கழிக்கிறார் என்று கேளுங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமையை நீங்களும் விரும்பி ஏற்பீர்களாயின், அந்தத் தொழிலை நம்பித் தொடங்கலாம்.

விடை உடனே கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டா. சாமிநாதையருக்குத் தம் பெரும்பணி தெரிய வந்தபோது வயது இருபத்தைந்து. இராமன் முழுநேர அறிவியலுக்கு வந்தபோது வயது இருபத்தெட்டு. உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. குறிப்பேட்டை மட்டும் இன்றிரவே தொடங்கிவிடுங்கள்.